கேடி முதல் புள்ளிங்கோ வரை: ஒரு ஸ்டேஷன் ரைட்டரின் பதில்

நீங்கள் கேட்டது இதுதான்: "ரவுடி, கேடி, பொறுக்கி, மொள்ளமாரி, கேப்மாரி, இப்போ புள்ளிங்கோ. எல்லாம் ஒரே அர்த்தமா? எங்கிருந்து வந்தது?" ஆனால் விஷயம் உங்கள் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. அக்கா மகனுக்குப் பதினேழு வயது. அவனைப் பார்க்க வந்த நண்பர்கள் இருவரைப் பற்றி, குடியிருப்பு வாட்ஸப் குழுவில் யாரோ "புள்ளிங்கோவை எல்லாம் கேட்டுக்குள்ள விடாதீங்க" என்று எழுதிவிட்டார். இது திட்டா, வெறும் கிண்டலா, பதில் சொல்லலாமா என்று அக்கா தவிக்கிறார். கேள்வி சொல்லின் பிறப்பைப் பற்றி இருந்தாலும், அந்தச் சொல் ஒரு பையனை என்ன செய்யும் என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் மொழி படித்தவன் இல்லை. 1984இல் கிரேடு டூ கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர் வேலை. ரைட்டர் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு யாரோ குமாஸ்தா மாதிரி தெரியும். புகார், எஃப்.ஐ.ஆர்., வாக்குமூலம், பதிவேடு எல்லாம் அவர் கையெழுத்தில்தான் ஓடும். ஒருவனை எந்தச் சொல்லால் எழுதுவது என்பது பல நேரம் அவர் பேனா முனையில் முடிவாகிவிடும். ஆகவே பதிவேட்டுச் சொற்களைப் பற்றி அடித்துச் சொல்வேன். தெருச் சொற்களைப் பொறுத்தவரை பாதி காதால் கேட்டது, பாதி ஓய்வுக்குப் பிறகு கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து அகராதி புரட்டியது. எது எந்த ரகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கேடியில் தொடங்குகிறேன், அது என் மேசையிலேயே கிடந்த சொல். கே, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்து. 'நோன் டெப்ரடேட்டர்' (Known Depredator) என்பதன் சுருக்கம். வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் பதிவேட்டில் இருந்து அப்படியே வந்தது. களவு, கன்னம் வைத்தல், வழிப்பறி மாதிரிக் குற்றங்களில் ஏற்கெனவே சிக்கி, அந்த எல்லைக்குள் போலீசுக்குப் பழக்கமான ஆள் என்று பொருள். அவர்களைக் கண்காணிக்க 'கே.டி. செக்' என்று ஒரு பதிவேடே உண்டு. ராத்திரி ரோந்து போகிற கான்ஸ்டபிள் அந்த ஆளின் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். நடுராத்திரியில் தட்டினால் அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் இருக்குமா? ஸ்டேஷனுக்குள் இருந்த இரண்டு எழுத்து இப்படித்தான் தெருவுக்குப் போயிருக்க வேண்டும். இது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள். 'கேடு செய்பவன் கேடி' என்று தமிழ் வேர் காட்டுகிறவர்கள் உண்டு. ஒலி பொருந்துகிறது. சொல் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் பொருத்தமும் உதவியிருக்கலாம். பிறப்பு என்னவோ பதிவேட்டில்தான். சிலர் 'கைதி'தான் கேடி ஆனது என்பார்கள். கைதி அரபியிலிருந்து வந்த வேறு சொல், இரண்டுக்கும் உறவு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், தெருவில் கேடியின் விஷம் இறங்கிவிட்டது. மிட்டாயை ஒளித்து வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிற பேரனைப் பார்த்து, "சரியான கேடிடா நீ" என்று பாட்டி கொஞ்சுகிறாள். பதிவேட்டில் அதே இரண்டு எழுத்துக்கு நேரே பெயர் ஏறிய ஆளை நான் அறிவேன். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

ரவுடி வேறு ஆள். வெளியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள், ஸ்டேஷனில் அப்படிக் கிடையாது. கேடிக்குக் கை நீளம், ரவுடிக்குக் கை ஓங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். சொல் அமெரிக்காவில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே காட்டோரக் குடியேற்றங்களில் சட்டதிட்டம் இல்லாமல் திரிந்த முரட்டு ஆட்களுக்கு அந்தப் பெயர். இன்றைக்கு லண்டனில் போய் 'ரவுடி' என்றால் கூச்சல் போடுகிற வகுப்பறை, ஆர்ப்பாட்டமான கூட்டம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். அதை ஒரு ஆளுக்கு உத்தியோகப் பெயர் மாதிரி ஆக்கியது நாம்தான். ரவுடி ஷீட், ஹிஸ்டரி ஷீட், செய்தித்தாள் தமிழில் 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி'. அதிலும் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம் உண்டு. டி.வி.யில் 'ஏ பிளஸ் ரவுடி' என்று வந்தபோது என் பேத்தி, "நல்லா படிப்பாரா தாத்தா?" என்று கேட்டாள்.

பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். பதிவேட்டில் பட்டப்பெயர் எழுதும்போது, பெயருக்கும் பட்டப்பெயருக்கும் நடுவே ஆங்கில 'ஏ'யைச் சுற்றி ஒரு வட்டம் போட்ட குறியை இடுவோம். இப்போது ஈமெயில் முகவரியில் வருகிறதே, அதே குறிதான். நாங்கள் ஈமெயிலுக்கு வெகு காலம் முன்பிருந்தே போட்டுக்கொண்டிருக்கிறோம். பேப்பரில் அது 'என்கிற' என்று ஆகும். பட்டப்பெயரே இல்லாத பையனைக்கூட, "உன்னை எப்படிடா கூப்பிடுவாங்க?" என்று கேட்டு, வீட்டில் அம்மா கூப்பிடுகிற செல்லப்பெயரை வாங்கி வட்டத்துக்குப் பின்னால் எழுதிவிடுவது வழக்கம். நானும் எழுதியிருக்கிறேன். அம்மா 'குட்டி' என்று சோறு ஊட்டிய பெயர், மறுநாள் காலை 'என்கிற குட்டி' என்று பேப்பரில் வரும்போது பயங்கரமான ரவுடிப் பெயராகிவிடும்.

குண்டர் என்ற சொல் சட்டத்தின் வழியாகவே நம் வாய்க்கு வந்தது. 1982இல் தமிழ்நாட்டில் ஒரு தடுப்புக்காவல் சட்டம் வந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் நடத்துகிறவர்கள், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிக்கிறவர்கள் என்று பட்டியல் போட்ட நீளமான பெயர் அதற்கு. யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, நடுவில் இருந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 'குண்டர் சட்டம்', 'குண்டாஸ்' என்றாக்கிவிட்டோம். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். 2004இல் திருட்டு வி.சி.டி. போடுகிறவர்களையும் அதில் சேர்த்தார்கள். கடை வைத்து சி.டி. விற்ற ஒல்லிப் பையன் 'குண்டாஸ்ல போயிட்டான்' என்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. இந்தச் சொல்லுக்கு முன்னோடி கல்கத்தா. அங்கே 1923இலேயே குண்டாக்களை நகரத்தை விட்டு வெளியேற்ற ஒரு சட்டம் போட்டார்கள். இந்தி குண்டாவும் தமிழ்க் குண்டனும் ஒரே வேரா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தேவாரத்தில் சமணரைத் திட்டும் இடங்களில் 'குண்டர்' வருகிறது. தடித்தவன், கீழானவன் என்ற இரண்டு பொருளும் பழசு. ஒலி ஒன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு வடக்கே போனதா, வடக்கிருந்து வந்ததா என்று முடிவு கட்ட நான் துணிய மாட்டேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் மேலே இருந்து வந்த சொற்கள். இனி தெருவே உண்டாக்கியவை. எனக்கு மிகவும் பிடித்தது முடிச்சவிக்கி. முடிச்சு அவிழ்க்கி என்பதன் பேச்சு வடிவம். சட்டைப் பை வருவதற்கு முன்னால் ஜனங்கள் காசை எங்கே வைத்தார்கள்? பெண்கள் முந்தானையில் முடிந்தார்கள், ஆண்கள் வேட்டி மடியில். திருவிழாக் கூட்டத்தில் அந்த முடிச்சை நெஞ்சோ இடுப்போ உணராமல் அவிழ்ப்பது சாதாரண வித்தையா? அப்புறம் சட்டை வந்தது, சட்டையில் பை வந்தது, திருடனும் தொழிலை மாற்றிக்கொண்டான். பழைய சென்னைக்காரர்கள் சட்டைப் பையை ஜேப்பு, ஜோபி என்பார்கள். அரபியில் 'ஜைப்' என்பது உருது வழியாக வந்தது. அதை அடிப்பவன் ஜேப்படித் திருடன். (அதே ஜைப்பைத்தான் அரபிக் கணித நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள் மடிப்பு என்று புரிந்துகொண்டு 'சைனஸ்' என்று எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் நம்மை வாட்டிய சைன், காஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பிக்பாக்கெட்டுக்கும் திரிகோணவியலுக்கும் ஒரே பை.) இன்று செல்போன் பறிக்கிறவனுக்கு இந்த மாதிரி நறுக்கான தமிழ்ப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. 'செல்போன் பறிப்பு' என்று பேப்பர்காரர்கள் வைத்ததோடு நிற்கிறது.

பொறுக்கிக்கு விளக்கமே வேண்டாம், பொறுக்குகிறவன். கீழே கிடப்பதை, பிறர் போட்டதை எடுத்துப் பிழைக்கிறவன். நன்றாகக் கவனித்தால் இதில் குற்றம் எதுவும் இல்லை, வறுமை மட்டுமே இருக்கிறது. ஒருவனுடைய பஞ்சத்தை வசையாக்கி, அப்புறம் அந்த வசையைப் பெண்களைச் சீண்டுகிறவனுக்கும் அடாவடி பண்ணுகிறவனுக்கும் மாற்றிவிட்டோம். காகிதம் பொறுக்குகிற சிறுவனைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து வந்தால், ஸ்டேஷனில் அந்தச் சொல் இரண்டு பொருளிலும் ஒரே நேரத்தில் அவன் மேல் விழும்.

இப்போது மாரிகள். முடிச்சுமாறி, மொள்ளமாரி, கேப்மாரி, சோமாறி. இவற்றில் பின்பாதி 'மாறி' என்றே எழுத வேண்டியது என்று நினைக்கிறேன். மாறு, கைமாற்று என்பதோடு தொடர்புடையது. சென்னைப் பேச்சில் பெரிய றகரம் சின்ன ரகரத்தோடு கரைந்துபோனதால் எழுத்திலும் குழம்பிவிட்டது. முடிச்சுமாறி பழைய அகராதிகளிலேயே திருடன் என்ற பொருளில் இருக்கிறது. சோமாறி, சோம்பேறி திரிந்தது என்று சொல்வார்கள். மற்ற மாரிகளின் சாயலில் அது திரிந்திருக்கலாம் என்று படுகிறது. மொள்ளமாரிக்கு மூன்று நான்கு கதைகள் கேட்டிருக்கிறேன், ஒன்றும் நம்பும்படி இல்லை.

கேப்மாரி மட்டும் சாதாரண வசை இல்லை, அது ஒரு கூட்டத்து மக்களின் பெயராக எழுதப்பட்டது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் அந்தப் பெயர் ஒரு தலைப்பாகவே இருக்கிறது. பிறவியிலேயே திருடர்கள் என்ற தோரணையில் எழுதியிருப்பார்கள், படிக்கவே கூசும். திருடிவிட்டுத் தலைப்பாகையை மாற்றிக்கொண்டு தப்பிப்பவர்கள், 'கேப்'பை மாற்றுவதால் கேப்மாறி என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊர் ஊராகப் போன ஒரு கூட்டத்துக்கு இங்கிலீஷ் தொப்பியை வைத்து யார் பெயர் வைத்திருப்பார்கள்? தமக்குப் புரியாத பெயருக்குத் தம் மொழியில் வேர் தேடிய அதிகாரி யாரோ இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெயர் எப்படி வசையாகியிருக்கும் என்பதற்குப் பின்புலம் தெளிவாகவே இருக்கிறது. குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே வந்தது, 1911இல் புதுச் சட்டமாகிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்படி ஒரு சாதி முழுவதையும் குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிடலாம். அதில் பிறந்தவன் கைரேகை வைக்க வேண்டும், ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். மதுரைப் பக்கத்தில் இன்றும் வயதானவர்கள் 'ரேகைச் சட்டம்', 'ராத்திரிச் சீட்டு' என்று சொல்வதைக் கேட்கலாம். அந்தக் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். எடுத்த கையோடு, 1948இல் வழக்கமான குற்றவாளிகளுக்கு என்று இங்கே வேறு சட்டம் வந்தது தனிக்கதை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது குற்றப்பரம்பரைச் சட்டம் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு திருட்டு நடந்தால், "அந்தத் தெருப் பசங்களைக் கூட்டிட்டு வா" என்று சொல்கிற மூத்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லி நான் தப்பிக்கவில்லை. கூட்டிவர நானும் போயிருக்கிறேன். சினிமாவில் நகைச்சுவையாக 'டேய் கேப்மாரி' என்று வரும்போது ஊரே சிரிக்கிறது. அந்தப் பெயரை ஆவணத்தில் சுமந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அதே தியேட்டரில் உட்கார்ந்திருக்கக் கூடும்.

வெளியிலிருந்து வந்த சில்லறைச் சொற்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். காலி, காலிப்பயல் என்பது உருது 'காலி'யோடு தொடர்புடையது. வெற்றிடம், வேலை வெட்டி இல்லாதவன். அந்தக் காலப் பத்திரிகைகளில் 'காலிகள் கல்லெறிந்தனர்' என்றுதான் எழுதுவார்கள், ரவுடி பின்னால்தான் அந்த இடத்தைப் பிடித்தது. பேமானி என்பது 'பே ஈமானி', நாணயம் இல்லாதவன். கஸ்மாலம் சமஸ்கிருதம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், கலங்கி நிற்கிற அர்ஜுனனிடம் கண்ணன் "உனக்கு எங்கிருந்து வந்தது இந்த கஷ்மலம்?" என்று கேட்கிறார். குருக்ஷேத்திரத்திலிருந்து கொத்தவால் சாவடிக்கு அந்தச் சொல் எப்படி வந்தது என்று யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. தாதா பம்பாய்ச் சரக்கு, மராட்டியில் அண்ணன் என்று அர்த்தம். இங்கேயும் பேட்டை ரவுடியை 'அண்ணன்' என்றுதானே சொல்கிறார்கள், அதே புத்திதான். மாமூல் அரபி, 'வழக்கமானது' என்று பொருள். இதைப் பற்றி மேற்கொண்டு எழுத ஓய்வு பெற்ற போலீஸ்காரனான எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

ஊருக்கு ஊர் தராசு மாறும். மதுரைப் பக்கம் சண்டியர் என்றால் பாதி பயம், பாதி மரியாதை. வண்டியில் பூட்டினால் படுத்துக்கொள்கிற சண்டி மாடும் அதே குடும்பம்தான், சொன்ன பேச்சுக்கு மடங்காதது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் காவாலி என்பார்கள். இலங்கைப் பத்திரிகைகளில் கலவரத்தில் வீடு கொளுத்துகிற கும்பலுக்குக் 'காடையர்' என்ற சொல் நிலைத்துவிட்டது. அதைப் படிக்கிற ஈழத்தவருக்கு ஒரு சொல்லில் ஒரு காலமே எழுந்து நிற்கும், நமக்கு அப்படி இல்லை. இப்போது அங்கே பைக்கில் வாளோடு வருகிற இளைஞர்களை 'வாள்வெட்டுக் குழு' என்று எழுதுகிறார்கள். மலேசியத் தமிழர் வாயில் 'சம்செங்' கேட்டிருக்கிறேன், சீனர்களிடமிருந்து மலாய்க்கு வந்து அங்கிருந்து இவர்களுக்கு வந்தது.

சரி, புள்ளிங்கோவுக்கு வருவோம். இதில் புரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள், புள்ளைங்க, வடசென்னை வாயில் புள்ளிங்கோ. "நம்ம புள்ளிங்கோ" என்றால் நம்ம பசங்க, நம்ம கூட்டாளிகள். பல காலமாக அங்கே இருந்த சொல்தான். 2019 வாக்கில் கானா பாட்டு, டிக்டாக், மீம்ஸ் வழியாக ஊர் முழுக்கப் பரவியது. பரவும்போது பொருள் மாறிவிட்டது. சொன்னவன் 'நாங்கள்' என்று சொன்னான், கேட்டவன் 'அவனுங்க' என்று எடுத்துக்கொண்டான். பக்கவாட்டில் மழித்துச் சாயம் அடித்த முடி, ஒட்டிப் பிடித்த பேன்ட், மூன்று பேர் ஏறிய டியோ வண்டி, இதெல்லாம் சேர்ந்து ஒரு உருவமாகிவிட்டது. சில பள்ளிக்கூடங்களில் 'புள்ளிங்கோ கட்டிங்'கோடு வந்த பையன்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று செய்தி வந்தது. முடிவெட்டு, வண்டி, தெரு. இந்த மூன்றில் எதுவும் இந்திய தண்டனைச் சட்டத்தில் நான் பார்த்ததில்லை.

இளைஞனைக் குறிக்கிற சொல் இப்படிச் சரிவது புதிது இல்லை. பயல், பையன் குடும்பத்துச் சொல். இன்று 'பயலே' என்றால் சண்டை. விடலை சங்கப் பாட்டில் பாலை நிலத்துத் தலைவன், கையில் வேலோடு காதலியைச் சுரம் கடந்து அழைத்துப் போகிற வீரன். இன்று 'விடலைத்தனம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்திலும் சீட்டுக்கட்டு ஜாக்குக்கு முன்பு 'நேவ்' என்று பெயர். முதலில் அதற்குப் பொருள் பையன், பின்னால் அயோக்கியன். வயது ஏறினவர்கள் இளவட்டத்தைப் பார்த்துப் பயப்படுவது எல்லா ஊரிலும் உண்டு போல. ஆனால் புள்ளிங்கோவில் வயதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதே முடியை வெட்டிக்கொண்டு அடையாறில் வசதியான வீட்டுப் பையன் போனால் அவனை ஸ்டைல் என்கிறார்கள், வியாசர்பாடிப் பையன் புள்ளிங்கோ ஆகிறான். பிள்ளை என்ற அதே சொல் திருநெல்வேலிப் பக்கம் பெயருக்குப் பின்னால் மரியாதையாக நிற்கிறது, 'பிள்ளைவாள்' என்று கூடுதல் மரியாதையும் உண்டு. பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் அது கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதாகிவிட்டது.

அதற்காக எல்லாம் வீண் பழி என்று சொல்ல வரவில்லை. பதினாறு வயதில் கத்தியோடு நின்ற பையன்களை நேரில் பார்த்தவன் நான். 'சம்பவம்' என்றால் வெட்டு, 'ஸ்கெட்ச்' என்றால் அதற்கான திட்டம், 'பொருள்' என்றால் ஆயுதம். இந்தப் பேச்சு அவர்கள் வாயில் சரளமாக வரும். சொந்தமாகச் செய்தது பாதி, பெரிய ஆள் ஒருவர் சிறுவன் என்றால் தண்டனை குறைவு என்று கணக்குப் போட்டு அனுப்பியது பாதி. அந்தப் பையன்கள் யாரும் தங்களைப் புள்ளிங்கோ என்று சொல்லிக்கொண்டதால் அப்படி ஆகவில்லை. ஆனால் போலீஸ் பட்டியலில் பெயர் ஏறிய பிறகு வேறு வேலை கிடைக்காமல் ரவுடியானவர்களை, எண்ணிச் சொல்ல மாட்டேன், ஒன்றிரண்டுக்கு மேல் அறிவேன்.

இந்த விஷயத்தில் சட்டம் நம்மை விட முன்னே போயிருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1920இலேயே சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1925இல் போஸ்டல் பள்ளிச் சட்டம். போஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் ஒரு கிராமத்தின் பெயர், தபாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிறகு சீர்திருத்தப் பள்ளி, இப்போது கூர்நோக்கு இல்லம். பலகையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஜனங்கள் இன்றும் 'சிறுவர் ஜெயில்' என்றுதான் சொல்கிறார்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில், சிறுவர் தொடர்பான நடவடிக்கைகளில் குற்றம் சாட்டும் சொற்களையோ களங்கப்படுத்தும் சொற்களையோ பயன்படுத்தக் கூடாது என்பது ஒரு கொள்கையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது. அது அமலுக்கு வந்த புதிதில் நான் ஒரு பையனின் தாளில் பழக்க தோஷத்தில் 'குற்றவாளி', 'கைது' என்று எழுதிவிட்டேன். விசாரித்த நீதிபதி சிவப்பு மையில் இரண்டு சொல்லையும் அடித்து, "ரைட்டர் சார், முப்பது வருஷக் கை, திருத்திக்குங்க" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். காது சூடாகிவிட்டது. 'சட்டத்தோடு முரண்பட்ட சிறார்' என்று திருத்தி எழுதினேன். நீளமான, நாக்கில் ஒட்டாத சொற்றொடர். ஆனால் அதை வைத்து யாரையும் தெருவில் கூப்பிட முடியாது, அதுவே அதன் நல்ல குணம் என்று அப்போது தோன்றியது.

ஆக, அக்காவுக்கு என் பதில். புள்ளிங்கோ பிறப்பில் திட்டு இல்லை. அந்தப் பையன்களே தங்களுக்குள் சொல்லிக்கொண்டால் அது தோழமை. குடியிருப்புக் குழுவில், 'விடாதீங்க' என்ற சொல்லோடு சேர்த்து எழுதினால் அது திட்டுத்தான், சந்தேகமே வேண்டாம். போலீசுக்குப் போகிற விஷயம் இல்லை, போனாலும் எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டு அனுப்புவார்கள். அதே குழுவில், "நேற்று வந்தவர்கள் என் மகனோடு படிக்கிற பையன்கள், இனியும் வருவார்கள்" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவர்களுடைய பெயரையும் அவர்களைக் கேட்டுக்கொண்டு சேர்த்து எழுதலாம். கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் நோட்டிலும் அந்தப் பெயர்களே எழுதப்படுகின்றனவா என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், 'புள்ளிங்கோ 2 பேர்' என்று எழுதி வைத்திருப்பார்கள்.

மொள்ளமாரிக்கு நம்பும்படியான வேர் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.